நிற்கிற வண்டிதான் ஆளை அடிக்குது: பட்டறையில் நீங்க விடாத பழக்கம் எது?

#1 புதுஸ்பேனர்

வணக்கம். பட்டறையில் சேர்ந்து பதினாலு மாசம் ஆகுது. போன வியாழக்கிழமை நடந்ததை எங்கயாவது எழுதிட்டா மனசு கொஞ்சம் அடங்கும்னு தோணுது.

முன்பக்கம் சத்தம் வருதுன்னு ஒரு கார் வந்தது. டிராலி ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கழட்டி ஓரமா வச்சேன். பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோட இணைக்கிற மூட்டு) நட்டு துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பிடியில் பைப் சொருகி ரெண்டு இழு இழுத்தேன். பக்கத்தில் வச்சிருந்த வாஷர் ஒண்ணு உருண்டு பிரேக் டிஸ்க்குக்கு நேர் கீழே போய் நின்னுச்சு. கையை விட்டுத் துழாவினேன், விரல்ல பட்டு நழுவுச்சு. சரி, அப்புறம் எடுத்துக்கலாம்னு கையை எடுத்துட்டு மறுபடி பைப்பைப் பிடிச்சு இழுத்தேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடி 'டொம்'னு உக்காந்துடுச்சு.

மறுபடி தூக்கினப்பதான் பாத்தேன். டிஸ்க்கோட விளிம்பு சிமென்ட் தரையில் பிறை மாதிரி ஒரு வடு போட்டிருக்கு. அந்த வடுவுக்குள்ள வாஷர் பதிஞ்சு கிடக்கு. நகத்தால கிளப்பிப் பாத்தேன், வரல. இன்னும் அங்கயேதான் இருக்கு.

எஞ்சின் ஓடல. சாவிகூட வண்டியில் இல்ல. ஓடுற எஞ்சின்கிட்ட போனா கை தானா பின்வாங்குது. நிக்கிற வண்டிகிட்ட எனக்கு அந்தப் பயமே வரல, அதான் உறுத்துது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, யாரும் பாக்காதப்பவும் நீங்க விடாத பழக்கம் எது? சுவத்துல ஒட்டியிருக்கிற வாசகம் எல்லாம் வேண்டாம்.

#2 பழையசுத்தியல்

கை இருக்குல்ல? அது போதும் தம்பி.

மூணு கேள்வி. தரை சரிவா? பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தியா? ஜாக்கியோட சின்னச் சக்கரமெல்லாம் தாராளமா உருளுற மாதிரி இருந்துச்சா?

#3 புதுஸ்பேனர்

தண்ணி வழியறதுக்காக லேசா சரிவு இருக்குண்ணே. கட்டை கொடுக்கல, ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டிருந்தேன். ஜாக்கி... ஆமா, ஒரு சக்கரம் தரை வெடிப்புல உக்காந்திருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

#4 பழையசுத்தியல்

அதுதான் சம்பந்தமே. டிராலி ஜாக்கியோட கை நேரா மேல போறதில்ல, வளைஞ்சு போகுது. உன் முழங்கையைத் தரையில் ஊனி முன்னங்கையைத் தூக்கிப் பாரு. உள்ளங்கை மேலேயும் போகும், பின்னாலயும் வரும். ஜாக்கித் தலையும் அப்படித்தான். அந்தப் பின்வாங்கலைச் சரிக்கட்ட, ஒண்ணு ஜாக்கி வண்டிக்கடியில் உருண்டு போகணும், இல்ல வண்டி ஜாக்கிப் பக்கம் நகரணும். உன் ஜாக்கி வெடிப்புல மாட்டிக்கிச்சு. வண்டியை ஹேண்ட் பிரேக் பிடிச்சிருக்கு. ரெண்டும் நகரலைன்னா நடுவுல இருக்கிற தலைதான் வழுக்கணும். ஏத்தும்போதே பாதி வழுக்கி விளிம்புல நின்னிருக்கும். நீ பைப் போட்டு இழுத்தது மிச்சத்தை முடிச்சுடுச்சு.

இன்னொண்ணு. பெரும்பாலான கார்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டா ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். தரையில் மிச்சம் இருக்கிற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை.

அப்புறம் முக்கியமானது. ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு ஸ்டாண்ட். ஜாக்கிக்குள்ள வண்டியைத் தாங்குறது ஆயிலும் ஒரு ரப்பர் சீலும்தான். 1,200 கிலோ கார்னா முன்பக்கம் மட்டும் சுமார் 700 கிலோ வரும். அந்த எடையை ஒரு ரப்பர் வளையத்தை நம்பி விட்டுட்டு அடியில் படுப்பியா?

#5 கிரீஸ்கை

பழையசுத்தியல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு. ஸ்டாண்டுல இறக்கினதும் நான் வண்டியை ரெண்டு கையாலயும் தள்ளி நல்லா ஆட்டிப் பாப்பேன். விழணும்னா நான் வெளிய இருக்கும்போதே விழட்டும். இறுகின நட்டை எல்லாம் அதுக்கப்புறம்தான் தொடுவேன். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுத்து தளர்த்திடணும். கழட்டின வீலை ஓரமா சாய்ச்சு வைக்காதீங்க, பாடிக்கு அடியில் படுக்கப் போடுங்க. எல்லாம் கைவிட்டாலும் வீல் தடிமனுக்கு இடம் மிஞ்சும்.

#6 தெருமுனை

இவ்ளோ அலட்டிக்கணுமா? நான் 20 வருஷமா ஹாலோ பிளாக் கல்லு வச்சுத்தான் படுக்கிறேன். ஒண்ணும் ஆகல.

#7 பழையசுத்தியல்

மரக்கட்டை நசுங்கும், முனகும், ஆளுக்குச் சொல்லிட்டுப் போகும். இரும்பு வளையும். கல்லு அப்படி இல்ல, கடைசி நொடி வரைக்கும் முழுசா நிக்கும், அடுத்த நொடி தூள். அதுவும் ஓட்டைக் கல்லைப் படுக்கப் போட்டா கேக்கவே வேண்டாம். 20 வருஷம் தாங்கினது கல்லோட புண்ணியம், உன் சாமர்த்தியம் இல்ல. கோவிச்சுக்காத.

#8 தெருமுனை

கோவம் இல்ல. ஆனா ஸ்டாண்டும் கவுந்து பாத்திருக்கேன்.

#9 கிரீஸ்கை

கவிழும். வெயில்ல இளகின தார்த் தரையில் ஸ்டாண்ட் கால் இறங்கும், அடியில் தடிமனான பலகையோ தகடோ போடணும். மண் தரைன்னா யோசிக்கவே வேண்டாம். ஜாக்கித் தலையை எந்த இடத்தில் வைக்கணும்னு வண்டிக் கையேட்டிலேயே படம் போட்டிருக்கும். எஞ்சின் ஆயில் தேங்குற சம்ப்புக்கு அடியில் வச்சுத் தூக்கின ஒரு மகானை எனக்குத் தெரியும்.

#10 செயின்பாக்கெட்

நான் டூவீலர். எங்களுக்கு ஜாக்கிப் பிரச்சினை கம்மி. எங்க ஆளுங்க விரலை விடுறது வேற இடத்தில்.

வண்டியை நடு ஸ்டாண்டுல போட்டு, ஸ்டார்ட் பண்ணி, முதல் கியர் போட்டு, சுத்துற செயின்ல துணியைப் பிடிச்சுத் துடைக்கிறது. வேலை சீக்கிரம் முடியுதாம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஐடிலிங்ல முதல் கியர்ல செயின் நொடிக்குச் சுமார் அரை மீட்டர் ஓடுது. துணி சிக்குறதைக் கண்ணு பாத்து, கை விடறதுக்குக் கால் நொடியாவது ஆகும். அதுக்குள்ள செயின் 12 சென்டிமீட்டர் போயிடும். பின் ஸ்பிராக்கெட்டுக்கு அதைவிடக் கிட்டத்தான் உங்க கை இருக்கும். விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல போனா எஞ்சினும் நிக்காது, விரலும் கையில் நிக்காது.

எஞ்சின் ஆஃப், நியூட்ரல், சாவி பாக்கெட்டில், சக்கரத்தைக் கையால சுத்தித் துடைங்க. கையால சுத்தும்போதும் துணி சிக்கும், அதனால துணி இருக்கிற கையைப் பல்லுக்குள்ள போற பக்கம் வைக்காம, வெளியே வர்ற பக்கம் வைங்க. கூட ஐந்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

#11 புதுஸ்பேனர்

அய்யோ, இதை நான் வாரம் ரெண்டு தடவை பண்றேன். எனக்குக் கத்துக்கொடுத்ததே இப்படித்தான்.

#12 கிரீஸ்கை

என் இடது மோதிர விரல்ல சுத்தி வெள்ளையா ஒரு தழும்பு இருக்கு. எல்லாரும் மோதிரம் போட்ட தடம்னு நினைப்பாங்க. தடம்தான், ஆனா தீத்தடம்.

பேட்டரி கழட்டும்போது முதல்ல பிளஸ்ல கை வச்சேன். ஸ்பேனர் பிளஸ் முனையில், என் மோதிரம் ஸ்பேனர்ல, மோதிரத்தோட மறுபக்கம் வண்டி பாடியில். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதுன்னு நினைக்கிறோம். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனா காரை ஸ்டார்ட் பண்ற பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைத் தயங்காம கொட்டும். மோதிரம் ஒரு நொடியில் சிவந்துடுச்சு. உதறினேன், வரல, ஸ்பேனரோட ஒட்டிக்கிட்டது. அந்த வாடையை நான் இங்க எழுதப்போறதில்ல.

கழட்டும்போது மைனஸ் முதல்ல. மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

#13 மாலைவகுப்பு

மாணவன்தான், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வயரையும் எப்படியும் கழட்டத்தானே போறோம், வரிசையில் என்ன வித்தியாசம்?

#14 கிரீஸ்கை

வண்டி பாடி முழுக்க மைனஸோட இணைஞ்சிருக்கு. மைனஸ் நட்டைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில் பட்டா, மைனஸும் மைனஸும்தான், ஒண்ணும் ஆகாது. அந்த வயரை விலக்கிட்டா பாடிக்கும் பேட்டரிக்கும் உறவு முடிஞ்சுது. அப்புறம் பிளஸ்ல ஸ்பேனர் வச்சு எங்க இடிச்சாலும் சுத்து முழுசாகாது. வரிசையை மாத்தினா, பாடி முழுக்கவே உங்க ஸ்பேனருக்காகக் காத்திருக்கிற மறுமுனை.

சார்ஜ் ஏறுற பேட்டரி மேல குனியாதீங்க. ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் கலந்தாலே பத்தும், 75 சதவீதம் வரைக்கும் பத்தும். அவ்வளவு அகலமான வரம்பு பெட்ரோல் ஆவிக்குக்கூட இல்ல. ஜம்பர் வயர் போடும்போது கடைசி மைனஸ் கிளிப்பைச் செத்த பேட்டரியிலேயே மாட்டாம, தள்ளி எஞ்சின் இரும்புல மாட்டச் சொல்றது அதுக்குத்தான். கடைசி இணைப்புல பொறி வரும், அது பேட்டரி மூக்குக்கிட்ட வர வேண்டாம்.

#15 காயக்கட்டு

நான் மெக்கானிக் இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். வீட்டுக்காரர் இந்தக் குழுவில் இருப்பதால் படிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒருமுறை ஒருவர் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்தார். நுனியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. "வலியே இல்லை சிஸ்டர், கூட இருக்கிறவங்க அனுப்பிட்டாங்க" என்று சங்கடத்தோடு சிரித்தார். டீசல் பைப்பில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாராம். அதைக் கேட்டதும் அறுவை சிகிச்சை மருத்துவரை அழைத்தோம். விரலை நீட்டி வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. சில மணி நேரம் கழித்து விரல் வீங்கி விறைத்த பிறகுதான் புரிந்தது.

புள்ளி சின்னது, ஆனால் டீசல் விரலின் உறைகளுக்குள் உள்ளங்கை வரை பரவியிருக்கும். அழுத்தத்தாலும் நச்சாலும் தசை உள்ளிருந்தே சாகத் தொடங்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸ், பெயின்ட் அடிக்கும் உயர் அழுத்த கன் எல்லாவற்றுக்கும் இதேதான். அப்படி நடந்தால் வாசலிலேயே "அதிக அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போய்விட்டது" என்று சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். வெறும் "குத்திடுச்சு" என்றால் பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

#16 இரவுஷிப்ட்

சிஸ்டர் சொன்னதுக்கு டீசல் பக்கத்துக் கணக்கு: காமன் ரெயில்ல (எல்லா சிலிண்டருக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கிற பொதுக் குழாய்) அழுத்தம் 1,600 பார், புது வண்டிகள்ல 2,000க்கு மேலயும் போகும். கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம். அவ்வளவு அழுத்தத்தில் மயிரிழை விரிசல்ல இருந்து வர்ற பீச்சல் கண்ணுக்கே தெரியாது, லேசா புகை மாதிரி இருக்கும். கசிவு தேடுறதுக்கு ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பிடிங்க. அட்டை நனையும், இல்ல ஓட்டை விழும். எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டைத் தளர்த்தி 'எந்த சிலிண்டர் அடிக்கல'ன்னு பாக்கிறது பழைய பம்ப் காலத்து வித்தை. காமன் ரெயில்ல அந்த வித்தை வேண்டவே வேண்டாம்.

#17 தெருமுனை

அந்த வித்தையை நான் போன மாசம்தான் பண்ணேன். இனிமே இல்ல.

#18 டயர்மேடை

லாரி டயர் வேலை. எங்க பக்கம் யாரும் இன்னும் எழுதல, அதான்.

20 அங்குல ரிம்மோட வட்டப் பரப்பு 314 சதுர அங்குலம். உள்ள 100 பிஎஸ்ஐ காத்துன்னா 31,400 பவுண்ட், அதாவது சுமார் 14 டன் தள்ளு. அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு லாக் ரிங், ரிம் விளிம்புல டயரைப் பூட்டுற இரும்பு வளையம். ரிங் காடியில் சரியா உக்காரலைன்னா, துரு தின்னிருந்தா, அது சும்மா கழண்டு விழாது, பறக்கும். அது போற பாதையில் ஆள் இருக்கக் கூடாது. காத்தடிக்கிறது கூண்டுக்குள்ள, நீளமான ஹோஸ், தானா பிடிச்சுக்கிற கிளிப், ஆள் பக்கவாட்டில் தள்ளி. ரிங் சரியா உக்காரலைன்னு சுத்தியலால் தட்டி உக்கார வைக்கிறவன் காத்து இருக்கும்போது தட்டினா, நான் அந்தப் பட்டறையை விட்டே வெளிய போயிடுவேன். டயரைக் கழட்டணும்னா முதல்ல வால்வு ஊசியைப் பிடுங்கி, காத்து மொத்தமும் இறங்கிடுச்சான்னு கம்பி விட்டுப் பாக்கணும். ஜோடிச் சக்கரம்னா ரெண்டுலயும், வண்டியில் இருக்கும்போதே.

காத்து குறைஞ்சபடியே ரொம்ப தூரம் ஓடின ரேடியல் டயரை அப்படியே காத்தடிக்காதீங்க. பக்கச்சுவருக்குள்ள இருக்கிற எஃகுக் கம்பி மடிஞ்சு மடிஞ்சு களைச்சிருக்கும். ஜிப்பைப் பிரிக்கிற மாதிரி ஒரே இழுப்புல கிழியும். காத்தேறும்போது படபடன்னு நொறுங்குற சத்தம் கேட்டா ஹோஸை விட்டு விலகு, கிட்டப் போய்க் காது வச்சுக் கேக்காத.

டயர் மாட்டின ரிம்ல வெல்டிங் வைக்கவே கூடாது. காத்தை இறக்கிட்டாலும் கூடாது. சூடு ரப்பரை ஆவியாக்கும், அந்த ஆவி உள்ள அடைஞ்சு பத்திக்கும்.

#19 மாலைவகுப்பு

கையுறை போடணுமா, கூடாதா? வகுப்புல போடு போடுன்னு சொல்றாங்க, பட்டறையில் கழட்டு கழட்டுன்னு திட்டறாங்க.

#20 செயின்பாக்கெட்

ரெண்டு பேரும் சரிதான். சுத்துறதுக்கிட்ட துணிக் கையுறை கூடாது. டிரில் பிட், லேத், பெஞ்ச் கிரைண்டர், ஃபேன் பெல்ட் எல்லாம் கையுறையோட நூலைப் பிடிச்சு மொத்தக் கையையும் கூப்பிட்டுக்கும். தகடு வெட்டும்போது தோல் கையுறை. ஓடின எஞ்சின் ஆயில்ல கை வைக்கும்போது மெல்லிய நைட்ரைல். பழைய ஆயில் வருஷக்கணக்கா தோல்ல ஊறினா புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும், அது சும்மா அழுக்கு இல்ல. பெட்ரோல்ல கை கழுவுறதும் அதே கதை, பென்சீன் தோல் வழியா உள்ள போகும்.

#21 பழையசுத்தியல்

கையைப் பத்தியே பேசிட்டோம், கண்ணை மறந்துட்டோம். என் பேரே சுத்தியல், அதனால சொல்றேன். சுத்தியலால சுத்தியலை அடிக்காதீங்க. பேரிங் ரேஸை (பேரிங்கோட எஃகு வளையத்தை) நேரா அடிக்காதீங்க. ரெண்டுமே கெட்டிப்படுத்தின எஃகு, அடிச்சா நசுங்காது, சில்லு தெறிக்கும். நடுவுல பித்தளைக் கம்பி வைங்க. பளபளன்னு இருக்கிற சாதா சாக்கெட்டை இம்பாக்ட் கன்ல மாட்டாதீங்க, அதுக்குக் கறுப்பா தடிமனா இருக்கும், அது வேற. கிரைண்டர் கட்டிங் வீல்ல எழுதியிருக்கிற சுத்து வேகம் மெஷின் வேகத்தைவிடக் கூட இருக்கணும். கவசத்தைக் கழட்டிட்டுப் பெரிய வீல் மாட்டுறவன்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல.

கண்ணாடி போட்டா வேர்க்குதுன்னு சொல்லுவான். வேர்க்கட்டும்.

#22 காயக்கட்டு

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்காதீர்கள், நண்பர் துணி நுனியால் எடுக்க வேண்டாம், காந்தமும் வேண்டாம், எதுவும் செய்யாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். பேட்டரி ஆசிட் பட்டால் நேர் எதிர். முதலில் ஓடும் தண்ணீர், குறைந்தது 15 நிமிடம், இமையைத் திறந்து பிடித்து. பிறகுதான் மருத்துவமனை.

#23 இரவுஷிப்ட்

ராத்திரியில் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு எஞ்சினை ஓட விட்டு டியூனிங் பாத்துக்கிட்டிருந்தோம். எனக்குத் தலைவலி. தூக்கம் பத்தலைன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல கூட இருந்தவன் 'மச்சான், எனக்கும் தலை வலிக்குது, குமட்டுது'ன்னான். ஒருத்தனுக்கு வலிச்சா தூக்கமின்மை, ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குன்னா காத்துல ஏதோ இருக்கு. அந்த ஒரு நினைப்புதான் எங்களைக் காப்பாத்துச்சு. எஞ்சினை நிறுத்தி, ஷட்டரைத் தூக்கி, வெளிய வந்து உக்காந்தோம். எழுந்து நடக்கவே கால் மணி ஆச்சு.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்ல, நிறம் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கே, சுத்தமா வருமேன்னு நம்பாதீங்க, சூடாகாத கன்வெர்ட்டர் வேலை செய்யாது. சைலன்சர் முனையில் ஹோஸ் மாட்டி வெளிய விடுங்க, இல்ல வண்டியையே வெளிய தள்ளுங்க.

#24 மட்டறுத்துநர்

பிரேக் தூசியைக் காத்தடிச்சு ஊதலாமா என்று தனிக் கேள்வியாக வந்ததை இங்கே சேர்க்கிறேன். ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரமாக்கித் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடம் காயாமல் வெல்டிங் வைக்காதீர்கள், அந்த ஆவி சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். காற்று ஹோஸால் உடம்பைத் தட்டித் துடைப்பதும் வேண்டாம்.

#25 ஆரஞ்சுவயர்

மின்வண்டி, ஹைப்ரிட் பக்கம் இருக்கேன். 'நிக்கிற வண்டி'ன்னு தலைப்பைப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. எங்களுக்கு நிக்குதா ஓடுதான்னே தெரியாது. சத்தமில்லாம ரெடியில் இருக்கும். பெடலை யாராவது லேசா தொட்டா கிளம்பிடும். ஹைப்ரிட்ல பேட்டரி இறங்கினா எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும், உங்க கை பெல்ட்கிட்ட இருக்கான்னு அது கேக்காது. ஸ்மார்ட் கீயை வண்டியை விட்டு நல்லா தள்ளிக் கொண்டுபோய் வைக்கணும், உங்க பாக்கெட்டில் இருந்தாலும் வண்டிக்குக் கிட்டதான்.

ஆரஞ்சு நிற வயர்னா உயர் மின்னழுத்தம். 200ல இருந்து 800 வோல்ட் வரைக்கும், அதுவும் டிசி. பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை உருவினதும் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டருக்குள்ள கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். கையேடு சொல்ற நிமிஷம் காத்திருந்து, அப்புறமும் மீட்டர் வச்சு சுழியம்னு பாக்கணும். மீட்டரையும் நம்பாம, முதல்ல மின்சாரம் இருக்கிற இடத்தில் காட்டுதான்னு பாரு, இங்க பாரு, திரும்பவும் அங்க பாரு. செத்த மீட்டரும் சுழியம்தான் காட்டும்.

ரப்பர் கையுறை 1,000 வோல்ட்டுக்கான கிளாஸ் 0. போடறதுக்கு முன்னாடி மணிக்கட்டுப் பக்கத்தில் இருந்து சுருட்டி, உள்ள காத்தை அடைச்சு, கன்னத்துக்கிட்ட வச்சுப் பாருங்க. ஊசித்துளை இருந்தா காத்து கன்னத்துல படும். பட்டா அந்த ஜோடி குப்பைக்கு.

#26 கிரீஸ்கை

ஏர்பேக் கழட்டுறதும் கிட்டத்தட்ட இந்த வகைதான். பேட்டரியை எடுத்துட்டு, கையேடு சொல்ற நேரம் காத்திருக்கணும். மேஜையில் வைக்கும்போது முகப்பு மேல பாக்கணும். கவுத்து வச்சு வெடிச்சா மொத்த மாட்யூலும் கூரைக்குப் போகும்.

சூடான ரேடியேட்டர் மூடியை யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்னு விட்டாங்க போல, ஆனா வருஷா வருஷம் யாராவது திறக்கிறாங்க. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது, அதனால தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம உள்ள இருக்கும். திறந்த அந்த நொடியே அது நீராவி.

#27 பட்டறைமுதலாளி

நான் ஆள் வச்சு வேலை வாங்குறவன். எல்லாம் படிச்சேன். தம்பி புதுஸ்பேனர், உன் கதையில் ஒரு விஷயம் எழுதாம விட்டிருக்கே. உங்க பட்டறையில் ஸ்டாண்ட் இருந்துச்சா?

#28 புதுஸ்பேனர்

ஒரு ஜோடி இருக்கு சார். வேற வண்டிக்கடியில் இருந்துச்சு. வண்டி சாயங்காலத்துக்குள்ள போகணும்னு சொல்லியிருந்தாங்க. காத்திருக்கேன்னு சொல்ல வாய் வரல.

#29 பட்டறைமுதலாளி

நினைச்சேன். அப்ப தப்பு உன்னோடது பாதி, மீதி ஓனரோடது. என் பட்டறையிலும் அப்படித்தான் இருந்தது. பெல்ட் மாத்திக்கிட்டிருந்த பையன் கை உள்ள இருக்கும்போது இன்னொருத்தன் வந்து 'முடிஞ்சிருக்கும்'னு சாவியைத் திருப்பிட்டான். பேட்டரி வயர் லூஸா இருந்ததால ஸ்டார்ட்டர் 'டக்'னு மட்டும் சொல்லிட்டு நின்னுடுச்சு. லூஸ் வயருக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

அதுக்கப்புறம் ஒரே சட்டம்: யார் வண்டியைத் தொட்டாரோ சாவி அவர் பாக்கெட்டில். நான் கேட்டாலும் தரக் கூடாது. முதல் வாரம் பசங்க சிரிச்சாங்க. ஒரு நாள் புதுப் பையன் ஒருத்தன் நிஜமாவே தரமாட்டேன்னுட்டான். கஸ்டமர் முன்னாடி கொஞ்சம் கோவம் வந்துச்சு, உண்மையைச் சொல்லணும்ல.

#30 புதுஸ்பேனர்

எல்லாருக்கும் நன்றி. ஒரு அவசரக் கேள்வி. நாளைக்குக் காலையில் ஒரு பெட்ரோல் கார்ல சைலன்சர் பிராக்கெட் வெல்டிங். டேங்க்ல இருந்து ஒரு சாண் தூரம். பெட்ரோல் தீர்ந்து நின்ன வண்டி, டேங்க் காலிதான், பயப்படாதேன்னு சொல்றாங்க. சரிதானா?

#31 இரவுஷிப்ட்

இல்லை.

#32 பழையசுத்தியல்

இல்ல. காலி டேங்க்தான் குண்டு. நிறைஞ்ச டேங்க்ல காத்துக்கு இடமே இல்ல, பத்த வைக்கக் காத்தும் வேணும்.

#33 ஆரஞ்சுவயர்

கணக்காவே பாருங்க. பெட்ரோல் ஆவி காத்துல சுமார் 1.4ல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் பத்தும். 45 லிட்டர் டேங்க்ல ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, மிஞ்சியிருந்து ஆவியானா சுமார் 2 சதவீதம் வரும். பத்துற வரம்புக்குள்ள. பம்ப் காத்தை உறிஞ்ச ஆரம்பிச்சதும் வண்டி நின்னுடும், ஆனா அடியில் தேக்கரண்டியைவிட நிறைய மிஞ்சும். அதோட ஆவி காத்தைவிடக் கனம், தரையோட தவழ்ந்து போகும். வண்டிக்கடியில் நின்னு வேலை செய்யற குழி (பிட்) இருந்தா அதுக்குள்ள இறங்கி உக்காரும்.

டேங்கைக் கழட்டி வெளிய கொண்டு போங்க. இல்ல பிராக்கெட்டைக் கழட்டிக் கொண்டுபோய் வேற இடத்தில் வெல்டிங் வைங்க. பேட்டரி வயரையும் விலக்கிடுங்க. பக்கத்துல பவுடர் தீயணைப்பான், பெட்ரோல் தீயில் தண்ணி ஊத்தினா மிதந்து பரவும்.

#34 பட்டறைமுதலாளி

உங்க ஓனர்கிட்ட நீ பேச வேண்டாம். இந்த 33ஐ அவர்கிட்ட காட்டு.

#35 புதுஸ்பேனர்

காட்டினேன். ரெண்டு தடவை படிச்சார், ஒண்ணும் சொல்லல. போய் அவரே ஸ்பேனர் எடுத்துட்டு வந்தார். பெட்டியில் இருந்த ஹாலஜன் விளக்கை நான் எடுக்கப் போனேன், அதையும் வாங்கி வச்சுட்டு எல்இடி கொடுத்தார்.

வெளிய வண்டியை நிறுத்தி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு, ஆட்டிப் பாத்துட்டுத்தான் அடியில் போனோம். டேங்கை இறக்கி, பம்ப் மூடியைத் திறந்ததும் வாடை முகத்துல அறைஞ்சுது. சாய்ச்சப்ப ஒரு மூலையில் ஓடிச் சேர்ந்த பெட்ரோலை ஊத்தி அளந்து பாத்தோம். கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

மத்தியானம் அந்த வடு இருக்கிற இடத்துக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தார். இது என்னன்னு கேட்டார். வாஷர்னு சொன்னேன்.